கம்யூனிஸ்ட் ஆக மறந்த கடற்கரை

ஒரு காலத்தில் தென்னாட்டில் பெரிய ராஜா என்று பெயர் எடுக்கத் திருவனந்தபுரம் கரையிலுள்ள விழிஞ்ஞத்தை ஒருமுறையாவது அழித்திருக்க வேண்டும். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் வந்து ஆய் வேளிரின் கோட்டையைப் பிடித்தான். மறக்காமல் செப்பேட்டில் எழுதிக்கொண்டான். அடுத்து சோழர்கள் வந்தார்கள். அடித்துப் பிடித்த கையோடு ஊருக்கு ராஜேந்திர சோழப் பட்டினம் என்று பெயரையும் மாற்றினார்கள். குலோத்துங்கனும் தன் பங்குக்கு விடவில்லை. ஜெயங்கொண்டார் அதையும் பரணியில் ஏற்றிவிட்டார். ஒருவர் அழித்த ஊரை அடுத்தவர் வந்து அழிக்க வேண்டுமானால், நடுவில் யாரோ உட்கார்ந்து அதைத் திரும்பக் கட்டியிருக்க வேண்டும் அல்லவா? அந்த யாரோவைப் பற்றி ஒரு கல்வெட்டும் கிடையாது. அவர் மீன் பிடிக்கப் போயிருந்தார்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. வெளியூரிலிருந்து பரிவாரத்தோடு வந்து இறங்கி, ‘இனி உங்கள் ஊரின் தலையெழுத்தே மாறப் போகிறது’ என்று அறிவிக்கும் ஆட்கள் விழிஞ்ஞத்துக்குப் புதியவர்கள் இல்லை. ஆயிரத்து இருநூறு வருடப் பழக்கம். அப்படி வந்தவர்களில் கடைசி வரிசைக்காரர்கள்தான் அரசியல் கட்சிகள்.

இப்போது புதிருக்கு வருவோம். கேரளம் என்றாலே உலகம் முழுக்கச் செங்கொடி ஞாபகம் வருகிறது. அந்தக் கேரளத்தில் மிக ஏழையான மக்கள் யார் என்று கேட்டால் மலைப்பழங்குடிகளையும் கடற்கரை மக்களையும்தான் கை காட்டுவார்கள். பொருளாதார அறிஞர் ஜான் குரியன் 1995-ல் கேரள மாடலைப் பற்றி எழுதியபோது, அந்த மாடலின் வெளிச்சம் எட்டாமல் விடுபட்டுப்போனவர்கள் என்று மீனவர்களைத்தான் குறிப்பிட்டார். படிப்பு, வீடு, கழிப்பறை, எதை எடுத்தாலும் மாநிலச் சராசரிக்குக் கீழே. ஆக, மார்க்சியக் கணக்குப்படி மாநிலத்திலேயே அதிகச் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் இந்தக் கரை. நடந்தது என்ன? 2021 சட்டமன்றத் தேர்தலில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 14 தொகுதிகளில் 13-ஐ இடது முன்னணி வாரிக்கொண்டு போனது. மிஞ்சிய ஒன்று விழிஞ்ஞம் அடங்கிய கோவளம். காங்கிரஸின் எம். வின்சென்ட் ஜெயித்தார், இரண்டாவது முறையாக.

காங்கிரஸ் எப்போது வலதுசாரி ஆனது என்று தமிழ்நாட்டு வாசகர் கேட்கலாம். கேரளத்தில் இரண்டே பக்கம்தான். இடதில் இல்லாதவர் எல்லாம் வலது. அந்த வலதில் ஆயர்கள், நாயர் சங்கத்தார், ரப்பர் எஸ்டேட்காரர்கள், முஸ்லிம் லீக், பள்ளிக்கூட மேனேஜர்கள் என்று பெரிய குடும்பமே உண்டு. இந்தக் குடும்பப் படத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாக ஒரு மீனவர் நிற்கிறார். அவர் எப்படி உள்ளே வந்தார் என்பதுதான் கதை.

கதை 1544-ல் தொடங்குகிறது. பிரான்சிஸ் சேவியர் என்ற ஸ்பானிய பாதிரியார் திருவிதாங்கூர் கரையோரமாக நடந்துகொண்டே ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முக்குவர் என்ற மீனவருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். அதற்குச் சில மாதம் முன்பு முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கையே ஓய்ந்துபோனதாகவும் எழுதினார். பத்தாயிரம் பேரும் திருத்துவத்தின் தத்துவத்தில் மனம் உருகி வரிசையில் நின்றார்கள் என்று நம்புவதற்கு நிறைய விசுவாசம் வேண்டும். அந்தச் சமயத்தில் வடக்கிலிருந்து விஜயநகரத்தின் வடுகர் படை இறங்கி வந்துகொண்டிருந்தது. கடலில் போர்த்துகீசியக் கப்பல்கள். கரையில் சாதி இந்துக்கள் முக்குவரைத் தெருவில் நடக்க விடவில்லை. போர்த்துகீசியருடைய தயவு வேண்டும் என்பதால் வேணாட்டு ராஜாவும் ‘தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள்’ என்றார். படையைச் சேவியர் சிலுவையைக் காட்டியே விரட்டினார் என்று ஒரு கதை இன்றும் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, அந்தக் கதையில் ஒரு செய்தி இருக்கிறது: படை வரும்போது பக்கத்தில் நின்றவர் அவர்தான்.

இந்த ஊரின் முதல் பொதுத் தேர்தல் அதுதான் என்பேன். வாக்காளர் பட்டியல், வரிசை, ஒரே நாளில் ஊர் முழுக்க ஒரே பக்கம் சாய்வது, எல்லாம் இருந்தது. விரலில் மை வைப்பதற்குப் பதில் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். கொள்கை அறிக்கையை யாரும் படிக்கவில்லை. ஆபத்துக்கு யார் வருவார் என்று மட்டும் பார்த்தார்கள். அடுத்த நானூற்றி எண்பது வருடத் தேர்தல்களையும் இதே கேள்வியை வைத்துத்தான் அவர்கள் நடத்தியிருக்கிறார்கள் என்பது என் கட்சி.

நடுவில் டச்சுக்காரர், ஆங்கிலேயர், திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் எல்லாரும் வந்தார்கள். 1940-களில் சர் சி.பி.யும் விழிஞ்ஞத்தில் பெரிய துறைமுகம் கட்டப் பார்த்தார். அதற்குள் தனித் திருவிதாங்கூர் கேட்டு, 1947 ஜூலையில் அரிவாள் வெட்டு வாங்கி, ஊரை விட்டே போய்விட்டார். அவரை எதிர்த்துச் சிறை சென்ற லத்தீன் கத்தோலிக்கப் பெண் ஆனி மஸ்கரீன் 1952-ல் திருவனந்தபுரத்தில் சுயேச்சையாக நின்று ஜெயித்து, கேரளத்தின் முதல் பெண் எம்.பி. ஆனார். கடற்கரைக்கு டெல்லியில் ஒரு குரல் கிடைத்தது.

1957 ஏப்ரலில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதல்வரானார். 126 இடத்தில் 60 கம்யூனிஸ்ட் கட்சிக்கு, கூடவே ஆதரவு சுயேச்சைகள் ஐந்து பேர். உலகமே வாய் பிளந்தது. அவர்களும் சும்மா இருக்கவில்லை, வந்த வேகத்தில் இரண்டு மசோதாக்களைக் கையில் எடுத்தார்கள். ஒன்று நிலம்: குத்தகை விவசாயியை யாரும் வெளியேற்றக் கூடாது, ஒருவர் வைத்துக்கொள்ளும் நிலத்துக்கு உச்சவரம்பு உண்டு. இன்னொன்று கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரியின் கைவண்ணம்: தனியார் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளத்தை அரசே நேரடியாகக் கொடுக்கும், நியமனமும் அரசு தரும் பட்டியலிலிருந்துதான். இரண்டுமே ஏழைக்கு நல்லது. ஆனால் எந்த ஏழைக்கு?

விழிஞ்ஞத்து மீனவரிடம் இருந்த நிலம் கடற்கரை மணல். அதையும் ஆடி மாதம் வந்தால் கடல் எடுத்துக்கொண்டு போகும். உச்சவரம்பை அங்கே அலையே பார்த்துக்கொண்டது. பள்ளி ஆசிரியரின் சம்பளத்தைப் பற்றி அவருக்கு என்ன கவலை? அவர் பையன் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் கரமடி வலை இழுக்கப் போய்விட்டான். ஒரு கட்சித் தோழர் அந்தக் கரைக்கு வந்து வேலை செய்ய முயன்றால் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போயிருக்கும்:

“அண்ணே, உங்களைச் சுரண்டுகிற முதலாளி யார்?”

“முதலாளியா? மரம் நம்முடையது, வலை மச்சானுடையது. கிடைக்கிற மீனைப் பங்கு வைத்துக்கொள்வோம்.”

“அப்படியானால் கூலி உயர்வு யாரிடம் கேட்பீர்கள்?”

“கடலிடம்தான் சகாவே. அது மூன்று நாளாகத் தரவில்லை. கையில் ஒரு ரூபாய் இருக்குமா?”

சிரிப்புக்குச் சொன்னாலும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. செங்கொடி நன்றாக வேரூன்றிய இடங்களைப் பாருங்கள்: குட்டநாட்டு வயல், ஆலப்புழை கயிறு ஆலை, ஜன்மி என்ற மலபார் நிலப்பிரபுவின் நிலம். அங்கெல்லாம் எதிரியைக் கண்ணால் பார்க்கலாம். அவர் வாசலில் போய்க் கொடி நடலாம். இவர்களைப் போன்ற மீனவர்கள் ஆலப்புழை பக்கம் புன்னப்பிரையில் பெரிய வலைக்காரர்களிடம் கூலிக்குப் போனார்கள். அங்கே சங்கம் பிறந்தது, 1946 எழுச்சியில் துப்பாக்கிக்கு முன்னால் போய் நின்றார்கள். அதே கடல், அதே மீன், அங்கேயும் மாதா கோவில் உண்டு. வித்தியாசம் கூலி ஒன்றுதான். தெற்கே கட்டுமரம் ஆளாளுக்குச் சொந்தம். வறுமையும் ஆளாளுக்குச் சொந்தம். சுரண்டியவர் தரகர். அவரோ பெண்ணின் கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்து, பதிலுக்குப் பிடிக்கிற மீனை எல்லாம் தனக்கே தர வேண்டும் என்று கட்டிப் போட்டவர். அவருக்கு எதிராகக் கொடி பிடித்தால் அடுத்த பெண்ணின் கல்யாணத்துக்கு யாரிடம் போவது?

1959 ஜூன் 12-ல் ‘விமோசன சமரம்’ தொடங்கியது. விடுதலைப் போராட்டம் என்று பெயர். விடுதலை கேட்டவர்கள் நிலப்பிரபுக்களும் பள்ளி மேனேஜர்களும். நாயர் சங்கத் தலைவர் மன்னத்து பத்மநாபன் முன்னால் நடந்தார். ஆயர்கள் சுற்றறிக்கை விட்டார்கள். கம்யூனிஸ்டோடு சேர்ந்தால் சபைக்கு வெளியே என்று பத்து வருடம் முன்பே, 1949-ல், போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் ஆணை பிறப்பித்திருந்தார். ரோமிலிருந்து அந்த ஆணை விழிஞ்ஞத்துக்கு வந்து சேர்ந்தபோது அது மிக எளிய வடிவம் எடுத்திருந்தது: சிவப்புக் கொடி பிடித்தால் கல்லறையில் இடம் இல்லை. கடலில் பிழைக்கிறவருக்குப் புதைக்கிற இடத்தைப் பற்றி எப்போதும் ஒரு பயம் உண்டு. அதை விளையாட்டாக எடுக்க முடியாது.

ஜூன் 13-ல் அங்கமாலியில் துப்பாக்கிச் சூடு, ஏழு பேர் செத்தார்கள். இரண்டு நாள் கழித்து வெட்டுகாட்டிலும் புல்லுவிளையிலும். புல்லுவிளை விழிஞ்ஞத்திலிருந்து தெற்கே வள்ளத்தில் கொஞ்ச நேரம். ஜூலை 3-ல் செறியதுறையில் ஃப்ளோரி என்ற கர்ப்பிணி மீனவப் பெண் போலீஸ் குண்டுக்குச் செத்தார். அந்த ஒரு சாவு ஈ.எம்.எஸ். அரசின் தலையில் விழுந்த மாதிரி வேறெதுவும் விழவில்லை. கேரளம் முழுக்க ஃப்ளோரியின் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார்கள். இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நிலம் காப்பாற்றப்பட வேண்டியவர்கள் கோட்டயத்திலும் சங்ஙனாசேரியிலும் இருந்தார்கள். பள்ளிக்கூடம் காப்பாற்றப்பட வேண்டியவர்கள் ஆயர் மாளிகைகளில் இருந்தார்கள். உயிர் போனது எதுவுமே இல்லாத ஒரு மீனவப் பெண்ணுக்கு. ஏழைகளின் அரசு ஏழையைச் சுட்டது. பணக்காரர்கள் அந்த ஏழைக்காக அழுதார்கள். இந்தக் காட்சியை நையாண்டி செய்ய எனக்குத் திறமை போதாது.

ஜூலை 31-ல் நேரு அரசைக் கலைத்தார். 1960 பிப்ரவரியில் தேர்தல். கம்யூனிஸ்ட் கட்சியின் ஓட்டு 35 சதவீதத்திலிருந்து 39 ஆக ஏறியது. இடமோ 60-லிருந்து 29-க்கு விழுந்தது. கூட்டணி கட்டுவது எப்படி என்று இந்தியாவுக்குக் கேரளம் எடுத்த முதல் பாடம் அது. காங்கிரஸுக்கு 63 இடம். ஆனாலும் முதல்வர் பதவி பிரஜா சோஷலிஸ்ட் பட்டம் தாணு பிள்ளைக்கு. ஜெயிக்கக் கூட உழைத்த முஸ்லிம் லீகுக்கு சபாநாயகர் நாற்காலி மட்டும். 1962-ல் பட்டத்தைப் பஞ்சாப் ஆளுநராக அனுப்பி வைத்தார்கள். கடற்கரை அரசியல்வாதியைக் கழற்றி விடுவதென்றால் கடலே இல்லாத மாநிலத்துக்கு அனுப்புவதைவிடக் கச்சிதமான வழி உண்டா? மீனவர்களுக்கு என்ன கிடைத்தது என்று தேடிப் பார்த்தேன். கேரளத்தில் கம்யூனிஸ்டுகளை எதிர்க்க அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவின் பணம் வந்தது என்று அந்த நாட்டின் தூதராக டெல்லியில் இருந்த மொய்னிஹன் 1978-ல் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். காங்கிரஸுக்கு இரண்டு முறை கொடுத்தோம், ஒன்று கேரளத்துக்கு, ஒன்று மேற்கு வங்கத்துக்கு என்று. அந்தப் பணத்தில் ஒரு தூண்டில் முள்கூட விழிஞ்ஞத்துக்கு வரவில்லை.

ஏழைகள் ‘தப்பாக’ ஓட்டுப் போடுவதைப் பார்த்து அறிவாளிகள் கோபப்படுவது பழைய வழக்கம். 1848 டிசம்பரில் பிரெஞ்சு விவசாயிகள் கூட்டம் கூட்டமாகப் போய் நெப்போலியனின் தம்பி மகனுக்கு ஓட்டுப் போட்டார்கள். எரிச்சலான மார்க்ஸ், இவர்கள் ஒரு வர்க்கமே இல்லை, மூட்டையில் கிடக்கும் உருளைக்கிழங்குகள் என்ற பொருளில் எழுதிவிட்டார். அமெரிக்காவில் தாமஸ் ஃபிராங்க் 2004-ல் கான்சாஸ் மாநிலத்துக்கு என்ன ஆயிற்று என்று ஒரு புத்தகமே போட்டார்: வேலை போன தொழிலாளிகள் வேலையை எடுத்த கட்சிக்கே ஓட்டுப் போடுகிறார்களே, கருக்கலைப்பையும் கடவுளையும் காட்டி ஏமாற்றிவிட்டார்களே என்று. நாலு வருடம் கழித்து ஆண்ட்ரூ கெல்மன் என்ற புள்ளியியல்காரர் வந்து வேறு கணக்கு வைத்தார். அமெரிக்காவில் ஏழை மாநிலங்கள் குடியரசுக் கட்சிக்குப் போவது உண்மைதான். ஆனால் ஒரே மாநிலத்துக்குள் பார்த்தால் ஏழைகளைவிடப் பணக்காரர்கள்தான் அந்தக் கட்சிக்கு அதிகம் ஓட்டுப் போடுகிறார்கள். அதாவது, ஊர் ஏழையாக இருப்பதும் ஓட்டுப் போடுகிறவர் ஏழையாக இருப்பதும் ஒன்றல்ல. கான்சாஸில் யாரையும் மூட்டை கட்ட முடியவில்லை.

விழிஞ்ஞத்தில் கெல்மன் கணக்கும் கொஞ்சம் தடுமாறும். இங்கே ஊரும் ஏழை, ஓட்டுப் போடுகிறவரும் ஏழை. பின்னே எப்படி? விடியற்காலை அந்தக் கரையோர ஊர்கள் ஏதாவது ஒன்றில் நின்று பாருங்கள், பதில் காதில் விழும். மாதா கோவில் மைக் கரகரக்கும். முதலில் பூசை நேரம். அப்புறம் மண்ணெண்ணெய் பெர்மிட் வந்த சேதி, காற்று பலமாக அடிக்கும் என்ற எச்சரிக்கை, யாரோ ஒருவரின் வலை காணாமல் போனது, நேற்று இறந்தவரின் அடக்கம் எத்தனை மணிக்கு, கரை திரும்பாத வள்ளத்தின் பெயர், அதில் போனவர்களின் வீட்டார் பங்குத்தந்தையை வந்து பார்க்கவும். இத்தனையும் ஒரே குரலில், ஒரே குழாயில். தாலுகா ஆபீஸ், வானிலை நிலையம், போலீஸ் ஸ்டேஷன், துக்க வீடு எல்லாம் அந்தக் குழாய்தான்.

கோவில் இலவசமாக ஒன்றும் செய்யவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கரைக்கு வரும் மீனில் கோவிலுக்கு ஒரு பங்கு உண்டு. அதை வசூலிக்கும் உரிமையைக் கோவில் ஏலத்தில் விடும்; அதற்குக் குத்தகை என்று பெயர். அரசாங்கத்துக்கு வரி கட்டாத மீனவர் அச்சனுக்கு, அதாவது பங்குத்தந்தைக்கு, வரி கட்டினார். வரி வாங்குகிறவரிடம்தானே பள்ளிக்கூடம் எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்க முடியும்? கேட்டார்கள். ஓரளவு கிடைக்கவும் செய்தது. 1960-களில் திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாடு என்ற மீனவக் கிராமத்தையே மறைமாவட்டம் உருவாக்கி, தரகரை ஒதுக்கிவிட்டு மீனவர்களே மீன் விற்கும் சங்கத்தைப் பிறப்பித்தது. அந்த மாதிரிச் சங்கங்கள் சேர்ந்து பிறகு ஒரு பெரிய கூட்டமைப்பாகவே வளர்ந்தன. கம்யூனிஸ்ட் செய்ய வேண்டிய வேலையை அங்கி போட்டவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். கம்யூனிஸ்டுகளோ அப்போது மாஸ்கோவா பீக்கிங்கா என்று கட்சியைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த காட்சி இன்னும் வேடிக்கை. 1953-ல் நார்வேக்காரர்கள் கொல்லம் பக்கத்தில் ஒரு மீன்பிடித் திட்டம் கொண்டு வந்தார்கள். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இழுவைப் படகுகள் வந்தன. அவை கடலடியைச் சுரண்டி எடுக்க, கட்டுமரக்காரருக்கு மீன் குறைந்தது. 1980-களில் மழைக்காலத்தில் இழுவைப் படகைத் தடை செய் என்று பாதர் டாம் கோச்சேரியும் கன்னியாஸ்திரீகளும் உண்ணாவிரதம் இருந்தார்கள், ரயிலை மறித்தார்கள், சிறைக்குப் போனார்கள். சொந்த ஆயர்களுக்கே வியர்த்தது. கமிஷன் மேல் கமிஷன் போட்டுக் காலம் ஓட்டிய பிறகு, 1988-ல் தடையைக் கொண்டு வந்தது யார்? ஈ.கே. நாயனாரின் இடது முன்னணி அரசு. இது கடற்கரைக்குக் கம்யூனிஸ்டுகள் செய்த அசலான உதவி. நன்றிக்கடன் தீர்க்க உடனே ஒரு வாய்ப்பும் வந்தது: 1989 நாடாளுமன்றத் தேர்தல். இடது முன்னணி திருவனந்தபுரத்தில் நிறுத்தியது சாதாரண ஆளை அல்ல. கவிஞர் ஓ.என்.வி. குறுப்பு. ‘நீங்கள் என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்’ நாடகத்துக்குப் பாட்டு எழுதியவர். ஜெயித்தது காங்கிரஸின் ஏ. சார்லஸ். தோற்றதற்குக் கடற்கரை மட்டும் பொறுப்பில்லை. ஆனால் தடைச் சட்டம் போட்டுக் கொடுத்த அடுத்த வருடமே கவிஞரைக் கரையேற்றாமல் விட்டதில் அதற்கும் பங்கு உண்டு. பாட்டுக் கேட்டு அழுவார்கள், பட்டனை வேறு இடத்தில் அழுத்துவார்கள். (அப்போது பட்டன் இல்லை, முத்திரைதான். பழமொழி மாதிரி வந்துவிட்டது, விடுங்கள்.)

இடது முன்னணிக்கும் புத்தி இல்லாமல் இல்லை. கோவளம் தொகுதியில் அரிவாளை உள்ளே வைத்துவிட்டு, தொகுதியை ஜனதா தளத்துக்கு ஒதுக்கி, வேறு சின்னத்தில் ஓட்டுக் கேட்கும். அதில் சில முறை ஜெயித்ததும் உண்டு. 2011-ல் ஜமீலா பிரகாசம் அப்படித்தான் எம்.எல்.ஏ. ஆனார். வேலையைவிட ஆள்தான் பிரச்சினை என்று கட்சிக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

விழிஞ்ஞத்துக்கு நல்லது செய்கிறேன் என்று வந்த விஞ்ஞானத்தையும் சொல்ல வேண்டும். 1991-ல் சென்னை ஐஐடிக்காரர்கள் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தை இங்கேதான் வைத்தார்கள். கொஞ்ச காலம் எடுத்தது, பிறகு மூடிப்போனது. ஊருக்குள்ளும் அமைதி இல்லை: 1995-ல் கிறிஸ்தவ மீனவர்களும் முஸ்லிம் மீனவர்களும் அடித்துக்கொண்டு உயிர்கள் போயின. இரு தரப்பும் ஏழை, இரு தரப்புக்கும் ஒரே கடல். வர்க்க ஒற்றுமை பற்றிய வகுப்பை யாரும் அந்த வருடம் விழிஞ்ஞத்தில் எடுக்கவில்லை.

2015-ல் மறுபடி துறைமுகம் வந்தது, இந்த முறை அதானியோடு. ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டவர் காங்கிரஸ் முதல்வர் உம்மன் சாண்டி. 6,000 கோடி ரூபாய் நில வியாபாரம் என்று குற்றம் சாட்டியவர் பினராயி விஜயன். ஒன்பது மாதம் கழித்து பினராயி முதல்வரானார். நில வியாபாரம் வளர்ச்சித் திட்டமாகப் பதவி உயர்வு பெற்றது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல். எச்சரிக்கை தாமதமாக வந்தது என்று கரை கொதித்தது. டிசம்பர் 3-ல் பினராயி விழிஞ்ஞம் வந்தபோது கூட்டம் காரை மறித்தது. முதல்வர் வேறு வண்டியில் ஏறிப் போக வேண்டியதாயிற்று. பிறகு மத்திய அமைச்சர் நிர்மலா சீதாராமன் வந்து, கையெடுத்துக் கும்பிட்டு, தமிழிலேயே பேசிக் கூட்டத்தை அமைதிப்படுத்தினார். அதனால் பாஜகவுக்கு ஓட்டு வந்ததா என்றால் இல்லை. கும்பிட்டதற்குப் பதில் கும்பிடு போட்டார்கள், அவ்வளவுதான்.

2018 வெள்ளத்தில் இதே மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மத்திய கேரளத்தில் மாடியில் தவித்தவர்களை இறக்கினார்கள். கேரளத்தின் ராணுவம் என்று புகழ்ந்த அரசு, வள்ளத்துக்கு ஒரு நாளைக்கு 3,000 ரூபாயும் அறிவித்தது. எம்.பி. சசி தரூர் அதைவிட ஒரு படி மேலே போய் மீனவர்களை நோபல் அமைதிப் பரிசுக்கே முன்மொழிந்தார். 2019-ல் தேர்தல் பிரச்சாரத்துக்கு மீன் சந்தைக்குப் போன அதே தரூர், தான் மீன் வாடை ஒத்துக்கொள்ளாத சைவர் என்கிற தொனியில் ஆங்கிலத்தில் ட்வீட் போட்டு மாட்டிக்கொண்டார். மீனவரை அவமானப்படுத்திவிட்டார் என்று எதிர்க்கட்சிகள் குதித்தன. கரையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மீன் பிடிக்காதவருக்கும் மீன் விற்றுப் பழக்கப்பட்டவர்கள் அவர்கள். 99,989 ஓட்டு வித்தியாசத்தில் தரூர் ஜெயித்தார்.

2022-தான் உச்சம். துறைமுகத்தால் கரை அரிக்கிறது, வீடு கடலில் போகிறது என்று லத்தீன் மறைமாவட்டம் ஆகஸ்டில் போராட்டம் தொடங்கியது. துறைமுக வாசலில் பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளும் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். எதிரே துறைமுகத்தைக் காக்க வேண்டும் என்று மார்க்சிஸ்ட் மாவட்டச் செயலாளரும் பாஜக மாவட்டத் தலைவரும் ஒரே மேடையில் ஏறினார்கள். நவம்பரில் விழிஞ்ஞம் போலீஸ் ஸ்டேஷன் தாக்கப்பட்டது; துறைமுக மோதல் வழக்கில் பேராயர் தாமஸ் நெட்டோ முதல் குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்கப்பட்டார். காங்கிரஸோ துறைமுகமும் எங்கள் பிள்ளை, போராட்டமும் எங்கள் பிள்ளை என்று இரண்டையும் இடுப்பில் வைத்துக்கொண்டது. பெருமுதலாளிக்கு எதிராக மறியல் செய்பவர் ஆயர். அந்த முதலாளிக்காக மேடை ஏறியவர் கம்யூனிஸ்ட். இதில் இடது யார், வலது யார் என்று தேர்தல் கமிஷனே வந்து சொன்னால்தான் உண்டு. டிசம்பர் 6-ல் போராட்டம் வாபஸ் ஆனது. கேட்டது முழுக்கக் கிடைக்கவில்லை.

2024 ஜூன் 4. நாலாஞ்சிரையில் ஓர் ஆயரின் பெயர் தாங்கிய கல்வி வளாகத்தில் ஓட்டு எண்ணிக்கை. பாஜகவின் ராஜீவ் சந்திரசேகர் நெடுநேரம் முன்னால் ஓடினார். நகரத்து நடுத்தர வர்க்கம் அவருக்கு அள்ளிக் கொடுத்திருந்தது. பிறகு கோவளம், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பெட்டிகள் திறந்தன. 16,077 ஓட்டில் தரூர் கரையேறினார். 2014-லும் இதே கதைதான், அப்போது ஓ. ராஜகோபால் இப்படித்தான் கடைசி நேரத்தில் 15,470 ஓட்டில் விழுந்தார். ஆக, நாட்டின் அசல் வலதுசாரிக் கட்சியைத் திருவனந்தபுரத்தில் இரண்டு முறை தடுத்து நிறுத்தியது, வலதுசாரிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் என்று தோழர்கள் அறுபது வருடமாகத் தலையில் அடித்துக்கொள்ளும் அதே மீனவர்கள். அந்த இரண்டு தேர்தலிலும் தோழர்களின் முன்னணி மூன்றாவது இடத்தில் இருந்தது.

துறைமுகத்துக்கு 2023 அக்டோபரில் முதல் கப்பல் வந்தது. சென் ஹுவா 15 என்று பெயர். சரக்கு எதுவும் இல்லை, சீனாவில் செய்த ராட்சத கிரேன்கள்தான். கம்யூனிஸ்ட் முதல்வர் நேரில் வந்து கொடி அசைத்து வரவேற்றார், வாட்டர் சல்யூட் அடித்தார்கள், பலூன் விட்டார்கள். விழா முடிந்து கிரேனை இறக்கலாம் என்று பார்த்தால் சிக்கல்: மாலுமிகள் சீனர்கள், கரையில் கால் வைக்க அவர்களுக்குக் குடியேற்றத் துறையின் அனுமதி இல்லை. மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நடுவே கடிதம் போக வர, செங்கொடி நாட்டிலிருந்து செங்கொடி மாநிலத்துக்கு வந்தவர்கள் சில நாள் கப்பலிலேயே உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழிஞ்ஞத்தில் கரையிறங்க முடியாமல் தவித்த முதல் கம்யூனிஸ்டுகள் என்று அவர்களைச் சொல்ல முடியாது.